வளைவை உயர்த்தாதீர்கள், அகலமாக்குங்கள்

நேற்று சாயங்காலம் பிஎச்டிக்குத் தேர்வானவர்கள் லிஸ்ட் போட்டார்கள். கடைசியிலிருந்து மூன்றாவது பெயர் என்னுடையது. போதும்! போன வருஷம் வேறொரு இடத்தில் பிஎச்டி இன்டர்வியூவில் எட்டே நிமிஷத்தில் திருப்பி அனுப்பப்பட்டவன் நான். அந்தக் கடுப்பு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எம்எஸ்சி புராஜெக்ட் ஆர்க்கியாவின் (பாக்டீரியா மாதிரி, ஆனால் தனி இனமான ஒருசெல் உயிர்கள்) டிஎன்ஏ பிணைப்புப் புரதங்கள் என்று சொல்லியிருந்தேன். சல்ஃபோலோபஸ் அப்படி ஒரு ஆர்க்கியா, எஸ்எஸ்ஓ7டி அதன் புரதம். "சல்ஃபோலோபஸின் எஸ்எஸ்ஓ7டி எப்படி 98 டிகிரி வரை தாங்குது?" என்றார்கள். அயனிப் பிணைப்பு, இறுக்கமான உள்பகுதி என்று ஒப்பித்தேன். ஒருவர் சாக்பீஸை நீட்டி, "ஸ்டெபிலிட்டி கர்வ் போடுங்க" என்றார். வெப்பநிலை மாற மாறப் புரதத்தின் உறுதி எப்படி மாறுகிறது என்று காட்டும் வளைவு அது. சாதாரணப் புரதத்தின் வளைவை அப்படியே மேலே தூக்கிப் போட்டேன்.

"அப்போ ரூம் டெம்பரேச்சரிலும் இது ரொம்ப உறுதியா?"

"ஆமாம் சார்."

கதை முடிந்தது.

உண்மையில் எஸ்எஸ்ஓ7டியின் டெல்டா ஜி (மடிப்பை விரிக்கத் தேவையான ஆற்றல், அதாவது உறுதி) உச்சத்திலேயே மோலுக்குச் சுமார் 7 கிலோகலோரிதான். எந்தச் சின்னப் புரதத்துக்கும் அவ்வளவு இருக்கும். அறுபது சொச்சம் அமினோ அமிலம் கொண்ட புரதம் விரியும்போது வெளிப்படும் நீர்வெறுப்புப் பரப்பு குறைவு, அதனால் டெல்டா சிபியும் (விரியும்போது வெப்பக் கொள்ளளவில் வரும் மாற்றம்) குறைவு. ஆகவே வளைவு தட்டையாக, அகலமாக இருக்கிறது. மெதுவாக இறங்கி 98 டிகிரி வாக்கில்தான் பூஜ்யத்தைத் தொடுகிறது. வேறெதைப் படிக்காவிட்டாலும் இதைக் கையால் பத்து தடவை வரைந்து பாருங்கள்.

மற்றவை என் ஒரு பக்கத் தாளிலிருந்து:

- எஸ்எஸ்ஓ7டி: வாலின் 26, மெத்தியோனின் 29 மைனர் குரூவில் (டிஎன்ஏ சுருளின் குறுகிய பள்ளம்) செருகும், டிஎன்ஏ சுமார் 60 டிகிரி மடங்கும்.
- ஹெச்எம்எஃப்பி: இன்னொரு ஆர்க்கியா புரதம். ஹிஸ்டோன் (டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் புரதம்) மடிப்பு, வால் கிடையாது. இதை உடைய மெத்தனோதெர்மஸ் ஃபெர்விடஸ் 83 டிகிரியில் வளரும், செல்லுக்குள் பொட்டாசியம் எக்கச்சக்கம். அதனால் உப்பு குறைந்த பஃபரில் எடுத்த டிஎம்மை (பாதிப் புரதம் விரிந்துவிடும் வெப்பநிலை) வைத்து வாதாடாதீர்கள்.
- ஹெச்எஃப்ஓபி: மெத்தனோதெர்மஸுக்கு மிதவெப்பத்தில் வாழும் சொந்தக்கார ஆர்க்கியாவின் ஹிஸ்டோன். 31-ஆவது அலனினை வாலினாகவும் 35-ஆவது லைசினை மெத்தியோனினாகவும் மாற்றினால் உறுதி கூடும்.
- ஆல்பா: இதுவும் ஆர்க்கியாவின் டிஎன்ஏ பிணைப்புப் புரதம். லைசின் 16, அசிட்டைலேஷன் (அசிட்டைல் தொகுதி ஒட்டுவது). ஒரு வரி போதும்.

வாயைத் திறந்தால் உளறுகிற ஆள் நான். அதனால் இந்தத் தடவை அவர்கள் கேட்பதற்கு முன்பே, "போர்டில் போடட்டுமா சார்?" என்றேன். சரளமாகப் பேச வருகிறவர்களுக்கு இது தேவைப்படாது.

வளைவைப் போட்டு முடித்ததும், "இதனால யாருக்கு என்ன லாபம்?" என்றார் ஒரு மேடம். டிஎன்ஏவை நகலெடுக்கும் பாலிமரேஸோடு எஸ்எஸ்ஓ7டியை ஒட்டித்தான் ஃபியூஷன் செய்கிறார்கள், டிஎன்ஏவை விடாமல் பிடித்துக்கொள்ள என்றேன். "எங்க ஃப்ரீசர்லயும் இருக்கு" என்று சிரித்தார். அடுத்து ரிவர்ஸ் கைரேஸ் (டிஎன்ஏவை முறுக்கும் ஒரு நொதி) பற்றிக் கேட்டார்கள். தெரியாது என்றேன்.