மீட்டர் கேஜ் படங்கள் போட்ட மாலை: நாட்குறிப்பு

ஜூன் 8, 2024

வரும் சனிக்கிழமை தேனியில் படம் போடுவது என்று முடிவாகிவிட்டது. 2023 ஜூன் 15 அன்றுதான் போடிக்கு அகல ரயில் வந்தது. அதே தேதியில், அதற்கு முன்பு இருந்த மீட்டர் கேஜ் (தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் மட்டுமே உள்ள குறுகிய பாதை) படங்களைக் காட்டவேண்டும் என்பது எங்கள் ரயில் ஆர்வலர் குழுவில் எல்லாருக்கும் ஆசை. மதுரையில் வைத்தால் கூட்டம் சேரும் என்றார்கள் சிலர். நான் தேனிதான் என்று பிடிவாதமாக நின்றேன். அந்த வண்டியில் ஏறி இறங்கியவர்களும் அந்த லைனில் வேலை பார்த்தவர்களும் வராத இடத்தில் நாங்களே போட்டு நாங்களே பார்ப்பதில் என்ன இருக்கிறது?

கையில் இருப்பது இரண்டு. ஒன்று, நீராவி எஞ்சினைத் தேடி எழுபதுகளில் இந்தியா வந்த வெளிநாட்டு ஆர்வலர் ஒருவர் செங்கோட்டை–புனலூர் மலைப்பாதையில் எடுத்த சூப்பர் 8 (சின்ன வீட்டுக் கேமரா பிலிம்) சுருள்கள். இன்னொன்று, 2010 டிசம்பர் 31 அன்று போடி லைனின் கடைசி மீட்டர் கேஜ் வண்டியில் எங்கள் நண்பர் எடுத்த ஹேண்டிகேம் கேசட்.

ஜூன் 12

கேசட்டில் லேசாகப் பூஞ்சை. துடைத்து ஓட்டியதில் ஆரம்பத்தில் கொஞ்சம் கோடு விழுகிறது, அப்புறம் சுத்தமாக இருக்கிறது. சுருளில்தான் வேறு பிரச்சினை. கணினிக்கு மாற்றிக் கொடுத்தவர் நொடிக்கு 25 பிரேம் வைத்துவிட்டார். எடுத்ததோ 18. மலையேறும் வண்டி குதித்துக்கொண்டு ஓடுகிறது, பிளாட்பாரத்தில் நடப்பவர்கள் எல்லாம் அவசரமாகப் போகிறார்கள். வேகத்தைத் திருத்தியதும்தான் எஞ்சினின் திணறல் கண்ணுக்குத் தெரிந்தது.

ஜூன் 15

மண்டப மாடி நிறைந்துவிட்டது. தண்டவாளத்தைப் பராமரித்த ஓய்வுபெற்ற கேங்மேன்கள், கேட்கீப்பர்கள், ஒரு ஸ்டேஷன் மாஸ்டர். செங்கோட்டையிலிருந்து பேருந்து பிடித்து வந்திருந்த நீராவி எஞ்சின் டிரைவர் ஐயாவை முன்வரிசையில் உட்காரவைத்தோம்.

முதலில் மலைப்பாதை. 1904-இல் திறந்த லைன், 2010 செப்டம்பரில் மீட்டர் கேஜ் நின்று, 2018-இல் அகலப் பாதையாகத் திரும்பி வந்தது. பதின்மூன்று கண் பாலத்தின்மேல் வண்டி போவதைப் பார்த்ததும் மாடி முழுக்கக் கைதட்டல். ஆனால் எனக்கு மறக்காதது அதற்குப் பிறகு வந்த சிறு துண்டு. மலையடிவாரத்தில் வண்டி நிற்கிறது. முன்னால் ஒரு எஞ்சின், பின்னால் தள்ளுவதற்கு இன்னொன்று. படத்தில் சத்தம் கிடையாது. முன் எஞ்சினின் தலையில் வெள்ளையாக ஒரு கொத்து ஆவி எழுந்து கலைகிறது. சில நொடி கழித்து, வளைவுக்கு அந்தப் பக்கம், வண்டியின் வாலில் அதேபோல ஒரு கொத்து. நாங்கள் இதைப் பலமுறை பார்த்தும் ஆவி என்று கடந்துபோயிருக்கிறோம்.

டிரைவர் ஐயா எழுந்தே விட்டார். “அந்தா, முன்னால இருக்கவன் விசில் குடுத்து ரெடியான்னு கேக்கான். பின்னால இருக்கவன் சரின்னு பதில் குடுத்துட்டான் பாருங்க. அவன் குடுக்காம இவன் நீராவியத் திறக்குற ரெகுலேட்டரைத் தொடமாட்டான் தம்பி. ரெண்டு பேரும் ஒண்ணா எடுக்கலைன்னா பெட்டிய இணைக்குற கப்ளிங் தாங்காது.” சொல்லிவிட்டு அந்த விசிலை வாயாலேயே ஊதிக் காட்டினார். திரும்பப் போடச் சொன்னார்கள். அடுத்த முறை ஆவி எழும்போதெல்லாம் அவர் விசில் சரியாக அந்த இடத்தில் விழுந்தது.

ஒரு சூப்பர் 8 சுருள் ஐம்பது அடி, மூன்று நிமிடம் இருபது நொடிதான் ஓடும். கடல் கடந்து வந்தவர் எஞ்சின் தெரியும்போது மட்டும் பொத்தானை அழுத்தியதில் நியாயம் உண்டு. அதனால் ஆட்கள் ஓரத்தில்தான் நிற்கிறார்கள். போடி கேசட் அப்படியில்லை. ஜன்னல், முறுக்கு விற்பவர், அழுகிற குழந்தை, உசிலம்பட்டி பிளாட்பாரத்தில் எஞ்சினுக்கு மாலை போடும் கூட்டம் என்று கேமரா நிற்காமல் ஓடியிருக்கிறது. ஆண்டிபட்டிக் கணவாய் பாறைக்குள் வண்டி நுழைந்தபோது ஒரு கேங்மேன், மழைக்கால ராத்திரிகளில் அரிக்கேன் விளக்கோடு அங்கே தனியாக ரோந்து போனதைச் சொன்னார். “கல்லு உருண்டு கெடக்கும். வண்டி வர்றதுக்குள்ள பாத்துச் சொல்லணும்.” அவர் மகளுக்கே அது இன்றுதான் தெரியுமாம்.

1928-இல் போட்ட லைன் இது. உலகப் போரின்போது தண்டவாளத்தைப் பிடுங்கி எடுத்துவிட்டு, ஐம்பதுகளில் மறுபடி போட்டார்கள். தண்டவாளம் இல்லாத அந்த வருஷங்களை ஒரு பெரியவர் ஞாபகமாகச் சொன்னார்: பாதையின் மேலேயே மாடு ஓட்டிக்கொண்டு போவார்களாம்.

ஜூன் 16

நேற்றுப் பேசியதெல்லாம் போனில் பதிவாகியிருக்கிறது. டிரைவர் ஐயாவின் குரலை அந்த மலைப்பாதைப் படத்தோடு சேர்த்து வைத்துப் பார்த்தேன். இனி அந்தப் படத்தை அவர் குரல் இல்லாமல் யாருக்கும் காட்டக்கூடாது என்று தோன்றுகிறது. சுருளைப் பத்திரப்படுத்திவிட்டோம் என்று நாங்கள் சந்தோஷப்பட்டது பாதி வேலைதான். நீராவி எஞ்சின் ஓட்டியவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது. சுருள் பெட்டிக்குள் இன்னும் பத்து வருஷம் இருக்கும். அவர்களை இந்த வருஷமே உட்காரவைத்துக் கேட்கவேண்டும்.

குழுவில் எழுதிவிட்டேன்: இனி ஒவ்வொரு படமும் முதலில் அந்தந்த லைன் ஊரில், மைக்கோடு.

ஜூன் 20

செங்கோட்டையில் ஆகஸ்ட் மாதம் போடலாம் என்று பேச்சு. டிரைவர் ஐயா தன்னோடு எஞ்சினில் கரி போட்டு வேலை பார்த்த ஃபயர்மேன்களைக் கூட்டி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அடுத்து மயிலாடுதுறை–தரங்கம்பாடி. 1926-இல் வந்து 1986-இல் நிறுத்திய லைன், திருப்பி வரவேயில்லை. ஹேண்டிகேம் ஊருக்குள் வருவதற்கு முன்பே போய்விட்டதால் எங்களிடம் ஒரு அடி படம்கூட இல்லை. செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் பக்கம் யார் வீட்டுப் பரணிலாவது பழைய சுருளோ, கல்யாண ஆல்பத்தில் ஸ்டேஷனில் நின்று எடுத்த போட்டோவோ இருந்தால் தயவுசெய்து எடுத்து வையுங்கள். அந்த வண்டியில் போனவர்கள் வீட்டில் இருந்தால், நாங்கள் வந்து கேட்டுப் பதிவு செய்துகொள்கிறோம்.