அன்லாக் போன், ப்ரீபெய்டு சிம், ஆமை வேக நெட்

வெளிநாட்டிலிருந்து அன்லாக் போன் வந்து நெட் இழுக்கிறது என்றால், உடனே சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்கு ஓடாதீர்கள். அன்லாக் என்றால் எந்த கம்பெனி சிம்மும் ஏறும், அவ்வளவுதான். நம் ஊர் அலைவரிசை எல்லாம் பிடிக்கும் என்று அர்த்தமில்லை. இங்கே 4ஜி பெரும்பாலும் ஓடுவது பேண்ட் (அலைவரிசைக்கு வைத்த நம்பர்) 3, 5, 40-இல். இந்த 40, அதாவது 2300 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவுக்கென்றே செய்த சில மாடல்களில் கிடையாது. அது இல்லாவிட்டால் ரங்கநாதன் தெரு மாதிரி நெரிசலான இடத்தில் திண்டாட்டம்தான். மாடல் நம்பரை வைத்து, வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

பேண்ட் இருந்தும் நெட் வரவில்லையா? போன் செட்டிங்கில் ஏபிஎன் பாருங்கள்; சிம் கம்பெனியின் நெட்டில் சேர போனுக்குக் கொடுக்க வேண்டிய பெயர் அது. அக்கா மகன் போனில் அந்தக் கட்டம் காலியாகவே கிடந்தது. ஜியோ சிம் என்பதால் 'ஜியோநெட்' என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடித்து, ஏரோப்ளேன் மோடைப் போட்டு எடுத்ததும் யூடியூப் ஓட ஆரம்பித்தது. பையன் என்னை எஞ்சினியர் ரேஞ்சுக்குப் பார்த்தான்!

அப்புறம், ராத்திரி மட்டும் நெட் படுத்தால் போனைத் திட்டாதீர்கள். அன்றைய டேட்டா தீர்ந்தால் பெரும்பாலான ப்ரீபெய்டு பிளான்களில் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். அதில் வாட்ஸ்அப் 'குட் நைட்' போனாலே பெரிசு.