ஐந்தாண்டு மதிப்பாய்வுக் குழு வருகிறதா? பழைய பரிந்துரைப் பட்டியலை எடுங்கள்

ஐ.சி.ஏ.ஆர். எனும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நிறுவனங்களுக்கு, வேலையை மதிப்பிட ஐந்தாண்டுக்கு ஒருமுறை க்யூ.ஆர்.டி. (ஐந்தாண்டு மதிப்பாய்வுக் குழு) என்ற வெளி நிபுணர் குழு வரும். பல்கலைக்கழக மையங்களுக்கும் மற்ற நிலையங்களுக்கும் அதுவே வேறு பெயரில், வேறு இடைவெளியில் வரும். பெயர் எதுவானாலும் வேலை முழுக்க ஒருங்கிணைப்பாளர் ஒருவர் தலையில்தான் விழும். கன்னியாகுமரி மாவட்டத்தில் அந்தப் பொறுப்பில் உட்காரப் போகிறவருக்காக இதை எழுதுகிறோம்.

உத்தரவு வந்த மறுநாளே பெயின்ட் அடிக்க ஆள் தேடுவார்கள். அது கடைசி மாத வேலை. முதல் வேலை, போன குழு விட்டுச்சென்ற பரிந்துரைகளை ஒன்றுவிடாமல் ஒரு அட்டவணையில் ஏற்றுவது. ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன செய்யப்பட்டது, எந்த ஆண்டு, ஆதாரம் எந்தக் கோப்பில் எந்தப் பக்கம், செய்யவில்லையென்றால் ஏன் என்று நான்கு கட்டங்கள் போடுங்கள். "நடவடிக்கையில் உள்ளது" என்று எழுதிய கட்டத்தில்தான் குழுத் தலைவரின் பேனா நிற்கும். பணியிடம் ஒப்புதல் ஆகாததால் நின்றுபோனது என்றால், கேட்டு அனுப்பிய கடிதத்தின் எண்ணையும் தேதியையும் போடுங்கள். அந்தக் கேள்வி அத்தோடு முடிந்துவிடும்.

அடுத்தது எண்கள். பெரும்பாலான குழப்பம் இங்கேதான், அதுவும் யாரும் பொய் சொல்லாமலே வரும். ஆய்வுக் கட்டுரைகளை ஜனவரி முதல் டிசம்பர் வரை எண்ணுவோம். பணத்தை ஏப்ரல் முதல் மார்ச் வரை கணக்கிடுவோம். ஆள்பலத்தை ஏதோ ஒரு நாள் நிலவரப்படி எழுதுவோம். மூன்றையும் ஒரே அட்டவணையில் போட்டால் எதுவும் எதோடும் ஒட்டாது. எந்தத் தேதி வரை உள்ளதை எண்ணுவது என்ற கட்-ஆஃப் தேதியை முதல் வாரமே சுற்றறிக்கையாக அனுப்பி, அதற்குப் பிறகு வருவதைத் தனி இணைப்பில் சேருங்கள்.

மூன்று விஞ்ஞானிகள் சேர்ந்து எழுதிய கட்டுரை மூவர் பட்டியலிலும் இருக்கும். கூட்டினால் ஒன்று மூன்றாகிவிடும். எல்லாப் பட்டியலையும் ஒரே எக்செல் தாளில் ஒட்டி, டி.ஓ.ஐ. எண்படி (ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள தனி அடையாள எண்) வரிசைப்படுத்தினால் இரட்டிப்பு தானாகத் தெரியும். ஏற்கப்பட்டு இன்னும் அச்சாகாததை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம். நிதிக்கு, மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, செலவு மூன்றும் தனித்தனி நெடுவரிசை. வெளி நிதியில் நடக்கும் திட்டங்களுக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் நகல் கூடவே இருக்கட்டும்.

"எங்கள் ரகம் இத்தனை ஹெக்டேரில் பரவியுள்ளது" என்ற வரியில் மாட்டாத நிலையம் குறைவு. அனுபவமுள்ள உறுப்பினர் அங்கேயே கணக்குப் போட்டுவிடுவார். குறுகிய கால நெல்லுக்கு நடவு முறையில் ஹெக்டேருக்கு 60 கிலோ விதை என்று வைத்தால், நீங்கள் விற்ற 6 டன் விதை நேரடியாக 100 ஹெக்டேருக்குத்தான் வரும். அறிக்கையில் 2,000 ஹெக்டேர் என்றிருந்தால் மீதி எங்கிருந்து வந்தது? விவசாயிகள் தங்களுக்குள் விதை மாற்றிக்கொண்டிருக்கலாம், தனியார் பெருக்கி விற்றிருக்கலாம். அதற்கு வேளாண் துறையின் விதை விநியோகக் கணக்கோ, சில கிராமங்களிலாவது எடுத்த கணக்கெடுப்போ வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் 100 என்றே எழுதுங்கள்.

தேதி குறிப்பதில் நம் மாவட்டத்துக்கென்று சில கண்ணிகள் உண்டு. முதல் போக நெல்லான கன்னிப்பூவை அறுத்து, இரண்டாம் போகமான கும்பப்பூ நடும் இடைவெளியில் வந்தால் குழுவுக்கு வெறும் சேற்றைத்தான் காட்ட முடியும். மீன்வளம் சார்ந்த நிலையமென்றால் தடைக்காலத்தைப் பாருங்கள்: சின்னமுட்டம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அதாவது ஜூன் முதல் இரு வாரம் இரண்டு பக்கமும் காலி. நவம்பர் 1 மாவட்ட நாள், டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா, மார்கழியில் சுசீந்திரம் தேர், மாசியில் மண்டைக்காட்டுக் கொடை என்று உள்ளூர் விடுமுறைகள் வரும். தலைமையகம் அனுப்பும் விடுமுறைப் பட்டியலில் இவை இருக்காது. ஐயப்ப சீசனில் கன்னியாகுமரியில் அறை கேட்டு அலையாதீர்கள், நாகர்கோவிலிலேயே போட்டுவிடுங்கள். ரப்பர் தோட்டம் காட்டுவதாக இருந்தால் பால்வெட்டு விடியற்காலை வேலை. பத்து மணிக்கு இறக்கினால் சிரட்டையில் சேர்ந்த பாலைப் பார்க்கலாம், வெட்டைப் பார்க்க முடியாது. முந்தின ராத்திரி மழை பெய்தால் அதுவும் கிடையாது, அதனால் மாற்று நிகழ்ச்சி ஒன்று கையில் இருக்கட்டும்.

திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து வருபவர்களுக்குக் களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை நெரிசலைச் சேர்த்து, மேப் காட்டும் நேரத்தோடு இன்னும் அரை மணி கூட்டுங்கள். சூரிய உதயம் பார்க்க வேண்டும் என்று யாராவது கட்டாயம் கேட்பார். கேட்கும் முன்பே ஒரு விடியற்காலையை அதற்கு ஒதுக்கிவிட்டால் மதிய அமர்வு பாழாகாது.

பயனாளிகள் சந்திப்புக்கு எப்போதும் வருகிற அந்தப் பத்துப் பேரையே அழைத்து வராதீர்கள். குழு அதை ஐந்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும், பாராட்டெல்லாம் ஒரே வாக்கியத்தில் வரும். பயிற்சி பெற்றவர் பட்டியலிலிருந்து குலுக்கலில் பாதிப் பேரை எடுங்கள். ரகத்தை விட்டுவிட்டவர், கடனுக்குக் கருவி வாங்கி நஷ்டப்பட்டவர் அதில் வந்தால் வரட்டும். கடலோர ஊர்களில் ஞாயிறன்று பலர் கடலுக்குப் போக மாட்டார்கள். காலைத் திருப்பலி முடிந்து ஊர்க் கூடத்தில் வைத்தால் ஆட்கள் நிற்பார்கள். வெளிமாநில உறுப்பினர்களுக்கு மொழிபெயர்ப்பவர் சம்பந்தப்பட்ட திட்டத்தின் விஞ்ஞானியாக இருக்கக் கூடாது. மீனவர் "வலை சரியில்லை சார், ஒரு சீசனிலேயே பிஞ்சு போச்சு" என்பார்; அது "சில சிறு மேம்பாடுகள் தேவை" என்று குழுவின் காதில் போய்ச் சேரும்.

துறைத் தலைவர்களுக்கு 15 நிமிடம் பேச்சு, 10 நிமிடம் கேள்வி, 12 ஸ்லைடு. கட்டடப் படமும் அமைப்பு வரைபடமும் இயக்குநர் பேச்சிலேயே வந்துவிட்டதால் மறுபடி வேண்டாம். இளம் விஞ்ஞானிகளைக் குழு தனியாகச் சந்திக்க ஒரு மணி நேரம் வையுங்கள், இயக்குநர் அந்த அறையில் இல்லாமல். சில நிலையங்களில் இதற்கு முகம் சுளிப்பார்கள். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை ஒதுக்காவிட்டால் குழுவே கேட்டு வாங்கிக்கொள்ளும், அது இன்னும் சங்கடம். மலைப் பக்கம் சிக்னல் போய்ப் போய் வரும். எல்லாக் கோப்பும் பென் டிரைவில் இருக்க வேண்டும். பயணப்படி விண்ணப்பத்தில் கிளம்பும் முன்பே கையெழுத்து வாங்கி, போர்டிங் பாஸையும் வாங்கி வையுங்கள். பிறகு துரத்தினால் மாதக்கணக்கில் இழுக்கும்.

நிறைவுக் கூட்டத்தில் குழு பரிந்துரைகளை வாசிக்கும்போது நீங்கள் சும்மா குறிப்பெடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. "ஆய்வு வலுப்படுத்தப்பட வேண்டும்" என்று வந்தால், எந்தப் பிரிவு, எந்த ஆண்டுக்குள், இருக்கிற ஆளை வைத்தா புதுப் பணியிடத்தோடா என்று அங்கேயே பணிவாகக் கேளுங்கள். வரைவு அறிக்கை கைக்கு வந்ததும் பெயர், ஆண்டு, எண், இடம் ஆகிய தகவல் பிழைகளை மட்டும் பக்க எண்ணோடு திருத்தி அனுப்புங்கள். குழுவின் கருத்தைத் திருத்தப் போனால், பிடிக்காத பத்தி அப்படியே இருக்கும். நீங்கள் எழுதிய மறுப்பும் இணைப்பாக அதன் பின்னால் போகும்.