வரலாறு படித்தவளுக்கு முதலீட்டு வங்கியில் என்ன வேலை?

“பேங்க்ல வேலையாமே, எந்த பிரான்ச்?” மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் இதைக் கேட்காத அத்தைமார்கள் குறைவு. முதலீட்டு வங்கியில் கௌண்டர் கிடையாது, சேமிப்புப் புத்தகமும் கிடையாது. ஒரு நிறுவனம் பங்குச் சந்தைக்கு வரவேண்டும், இன்னொன்றை வாங்கவேண்டும், கடன் பத்திரமோ, ‘சுக்குக்’ எனும் இஸ்லாமிய முறைப் பத்திரமோ வெளியிட்டுப் பணம் திரட்டவேண்டும் என்றால், விலை போட்டு, ஆவணம் எழுதி, முதலீட்டாளர்களைத் தேடிப் பிடிக்கிற இடம் அது. வரலாற்றுத் துறையில் இறுதியாண்டு படிக்கும் எனக்கு அங்கே இண்டர்ன்ஷிப் கிடைத்திருக்கிறது. வேலை கூட இல்லை, வெறும் பயிற்சி. இதை விளக்குவதற்குள் அத்தை அடுத்த வீட்டுக்குச் சொல்லி முடித்துவிடுகிறார்.

நேர்காணலுக்கு எப்படித் தயாரானேன் என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். வேலை வழிகாட்டிக் கூட்டங்களில் எங்களைப் போன்றவர்களுக்கு ஓர் ஆறுதல் சொல்வார்கள்: “கலைத்துறை மாணவர்களுக்கு எழுத்து இருக்கிறது, பேச்சு இருக்கிறது, அதை வைத்தே சமாளிக்கலாம்.” அதை நம்பிப் போனால் முதல் பத்து நிமிடத்திலேயே மாட்டிக்கொள்வோம். கணக்குப் பதிவியல் தெரியாதவரிடம் யாரும் கதை கேட்பதில்லை.

எல்லா நேர்காணலிலும் சுற்றிச் சுற்றி வரும் கேள்வி ஒன்று உண்டு. தேய்மானம், அதாவது ஒரு சொத்து ஆண்டுக்காண்டு தேய்வதற்காகக் கணக்கில் எழுதும் செலவு, 10 வெள்ளி (ரிங்கிட்) கூடினால், லாப நட்டம், ரொக்க ஓட்டம், இருப்புநிலை என்ற மூன்று நிதி அறிக்கைகளிலும் என்ன மாறும்? நம் நாட்டு நிறுவன வரி 24 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். வரிக்கு முந்தைய லாபம் 10 வெள்ளி குறையும், வரி 2.40 குறையும், ஆக நிகர லாபத்தில் 7.60 குறைகிறது. ரொக்க ஓட்ட அறிக்கையில் அந்த 7.60 இழப்போடு தொடங்கி, கையைவிட்டுப் போகாத பணமான தேய்மானம் 10 வெள்ளியைத் திரும்பக் கூட்டினால், ரொக்கம் 2.40 ஏறியிருக்கும். இருப்புநிலைக் குறிப்பில் சொத்து 10 இறங்கி, ரொக்கம் 2.40 ஏறி, மொத்தத்தில் 7.60 குறையும். மறுபக்கம் பங்குதாரர் நிதியிலும் அதே 7.60 குறையும். இரண்டு பக்கமும் சமம். லாபம் குறைந்தும் ரொக்கம் கூடுகிறதே என்று முதலில் தலை சுற்றும். தாளில் எழுதிப் போட்டுப் பாருங்கள், வாய்ப்பாடு போல வந்துவிடும்.

எனக்கு இது மனத்தில் ஒட்டியது ஒரு தோட்ட நிறுவனத்தின் ஆண்டறிக்கையால்தான். நம் பங்குச் சந்தையான பர்சா மலேசியாவின் இணையத்தளத்தில், அங்கே பட்டியலிடப்பட்ட எல்லா நிறுவனங்களின் அறிக்கையும் இலவசம். கணக்கியல் விதிப்படி செம்பனை மரம் இயந்திரத்தைப் போல ஒரு சொத்து, ஆண்டுக்கு ஆண்டு அதற்குத் தேய்மானம் போடவேண்டும். மரத்தில் தொங்கும் காய் மட்டும் தனி, அதை அன்றைய மதிப்பில் காட்டவேண்டும். தோட்டத்தில் மண்டோராக (கங்காணியாக) இருந்து ஓய்வு பெற்ற அப்பாவிடம் இதைச் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தால், சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலை நிமிராமலேயே, “சரியாத்தானே எழுதியிருக்கான்? நட்டு மூணு வருஷத்துல காய்க்கும். இருபத்தஞ்சு வருஷம் ஆனா மரம் உசந்து போயி அரிவாளுக்கு எட்டாது, சாய்ச்சுட்டு மறுநடவு பண்ணணும். அதுக்குள்ள போட்ட காசை எடுக்கணும்ல?” என்றார். தேய்மானத்துக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எந்த வகுப்பிலும் நான் கேட்டதில்லை.

ஒரு நிறுவனத்தின் விலையை மதிப்பிடக் கற்பதற்கு அஸ்வத் தாமோதரன் போதும். சென்னையில் பிறந்தவர், நியூயார்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். தன் பாடங்களையெல்லாம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார். காசு கட்டி வாங்கும் பயிற்சிப் பொட்டலங்களை நான் தொடவில்லை. வசதியிருப்பவர்கள் வாங்கட்டும்.

சரி, வரலாறு எங்கே உதவியது? தோட்டத்து ஆட்களுக்கு நிறுவனக் கைமாற்றம் புதிதல்ல. 1950களில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். நம்மவர்கள் வேலையும் வீடும் இழந்தார்கள். தோட்டத் துண்டாடல் என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். அதைச் சமாளிக்க 1960இல் எங்கள் ஊர் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை உருவாக்கினார். மாதம் 10 வெள்ளியாகக் கட்டிய பாட்டாளிகளின் பணத்தில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. மூலதனம் திரட்டல் என்று பாடப்புத்தகம் சொல்வதை எங்கள் தாத்தா தலைமுறை ரப்பர்ப் பால்வாளியோடு செய்திருக்கிறது.

நேர்காணலில், “நீங்கள் கவனித்த ஒரு டீலைச் சொல்லுங்கள்” என்றார்கள். மற்றவர்கள் தொழில்நுட்ப நிறுவனங்களைச் சொல்லியிருப்பார்கள். நான் கத்ரி என்ற பிரிட்டிஷ் தோட்ட நிறுவனத்தைச் சொன்னேன். 1981 செப்டம்பர் 7 அன்று, லண்டன் சந்தை திறந்து நான்கு மணி நேரத்துக்குள், 1821இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளை நம் நாட்டின் அரசு முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேஷனல் வாங்கிவிட்டது. கேட்டவருக்குப் பிடித்திருந்தது, ஆனால் விடவில்லை. தோட்ட நிறுவனத்துக்கு எப்படி விலை போடுவீர்கள்? நிறுவன மதிப்பை (பங்குகளின் மதிப்போடு நிகரக் கடனையும் சேர்த்தது) நடவு செய்த ஹெக்டரால் வகுத்து, மற்ற நிறுவனங்களோடு ஒப்பிடுவேன், ஆனால் மரங்களின் வயதைப் பார்க்காமல் அந்த எண்ணை நம்பமாட்டேன் என்றேன். அப்பாவுக்குத்தான் நன்றி.

அடுத்த கேள்வி: 2007இல் கத்ரியையும் கோல்டன் ஹோப் என்ற இன்னொரு தோட்ட நிறுவனத்தையும் சைம் டார்பி குழுமத்தோடு சேர்த்தவர்கள், 2017இல் தோட்டத்தையும் வீடமைப்பையும் ஏன் தனித்தனி நிறுவனங்களாகப் பிரித்தார்கள்? எல்லாவற்றையும் ஒரே குடைக்குள் வைத்தால் சந்தை குறைத்து மதிப்பிடுகிறது, பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் உரிய விலை கிடைக்கும் என்பது அவர்கள் தரப்பு. சேர்த்தாலும் கட்டணம், பிரித்தாலும் கட்டணம், வங்கிகளுக்கு நஷ்டமில்லை என்று மனத்துக்குள் நினைத்துக்கொண்டேன். அங்கே சொல்லவில்லை.

கணக்கு மாணவர்கள் பலர் தாண்டிப் போகும் ஒரு பகுதி, பங்கு வெளியீட்டு ஆவணத்தில் வரும் இடர்க் காரணிகள், அதாவது நிறுவனத்துக்கு என்னென்ன ஆபத்து வரலாம் என்ற பட்டியல். வரலாற்று மாணவர்கள் அங்கேதான் உட்காரவேண்டும். கட்டாய உழைப்புக் குற்றச்சாட்டின் பேரில் 2020இல் அமெரிக்கச் சுங்கத்துறை முதலில் எஃப்ஜிவி என்ற தோட்ட நிறுவனம், பிறகு சைம் டார்பி பிளாண்டேஷன் செம்பனை எண்ணெய்க்குத் தடை போட்டது. ஆண்டறிக்கையின் பின்பக்கத்தில் ஒரு பத்தியாகக் கிடந்த தொழிலாளர் நிலை, திடீரென்று விற்பனைச் சந்தையையே அடைக்கும் விஷயமாகிவிட்டது. தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பத்தியில் எதை எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்பது சட்டென்று தெரியும். அதைக் கேள்வியாகக் கேட்டால் மட்டும் போதாது. கூலிச் செலவில் வருமா, விற்பனையில் வருமா, வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் தள்ளுபடி விகிதத்தில் வருமா என்று எண்ணில் வைத்துக் காட்டவேண்டும். அதற்குத்தான் முதலில் அந்தத் தேய்மானக் கணக்கு.

அடுத்த மாதம் இ.டி.எஸ். மின்ரயிலில் கோலாலம்பூருக்குக் கிளம்புகிறேன். அறை பார்த்தாகிவிட்டது. இப்போதைக்கு என் தலைவலி எக்செல். மவுஸைத் தொடாமல் விசைப்பலகையிலேயே எல்லாம் செய்யவேண்டுமாம், அந்த வேகம் எனக்கு இன்னும் வரவில்லை. மவுஸைக் கழற்றி, கெஞ்சினாலும் தராதீர்கள் என்று அப்பாவிடம் கொடுத்திருக்கிறேன். அவர் அதைப் பழைய பெரட்டுப் (ஆள் வருகைப் பதிவு) புத்தகங்களோடு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.