ஒற்றை பேஸிலிருந்து மூன்று பேஸுக்கு: கிளிநொச்சிக் கடையொன்றின் வயரிங் வேலை

கடை ஏ9 வீதியோரம், இரண்டு மாடி. கீழே பலசரக்கும் மூன்று டீப் பிரீசரும். மேலே கணினி நிலையம், 18,000 பிடியூ ஏசி இரண்டு. பின்பக்கம் மா அரைக்க 5.5 கிலோவாட் மோட்டார் புதிதாக வரவிருந்தது. இருந்த இணைப்போ ஒற்றை பேஸ் (மின்சாரம் வரும் பேஸ் கம்பி ஒன்று, திரும்பும் நியூட்ரல் ஒன்று) 30 ஆம்பியர், மொத்தம் ஏறத்தாழ 6.9 கேவிஏ சுமைதான் தாங்கும்.

பலர் 60 ஆம்பியர் கேட்கச் சொன்னார்கள். கணக்குப் போட்டால் அது தேவையில்லை. ஏசி இரண்டும் 16 ஆம்பியர், பிரீசர்கள் 6, கணினி, லைற், மின்விசிறி எல்லாம் 13. மூன்று பேஸுக்கும் பிரித்தால் ஒவ்வொன்றிலும் சுமார் 12. மோட்டார் ஒவ்வொரு பேஸிலும் 11 எடுக்கும். ஆக 23. மூன்று பேஸ் 30 ஆம்பியர், அதாவது 20.7 கேவிஏ, போதும். ஆனால் மோட்டாரை நேரடியாகப் போட்டால் தொடங்கும்போது 70 ஆம்பியர் வரை இழுக்கும். அதனால் தொடக்க இழுப்பைக் குறைக்கும் ஸ்டார் டெல்ரா ஸ்டார்ட்டர் கட்டாயம்.

விண்ணப்பிக்க முன் வீதிக் கம்பத்தைப் பாருங்கள். இரண்டு கம்பி மட்டும் ஓடினால் மூன்று பேஸ் லைன் இழுக்க வேண்டிவரும், மதிப்பீட்டுத் தொகையும் ஏறும். வன்னியில் பல காணிகள் பெர்மிட் காணிகள், அதாவது அரச அனுமதிப்பத்திரத்தில் கொடுக்கப்பட்டவை. பெர்மிட்டில் உள்ள பெயரும் பழைய பில்லில் உள்ள பெயரும் பொருந்தாவிட்டால் அதை முதலில் சரிசெய்யுங்கள்.

மெயினுக்கு 7/1.35 வயர் (1.35 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஏழு இழை), ஏசிக்கும் மோட்டாருக்கும் 7/0.85, பிளக்குக்கு 7/0.67, லைற்றுக்கு 1/1.13. மெயினில் நான்கு முனை 100 மில்லிஆம்பியர் ட்ரிப் சுவிச் (மின்கசிவு வந்தால் தானாக விழுவது), தாமதித்து விழும் வகை. அதன் கீழே ஒவ்வொரு மாடிக்கும் தனித்தனி 30 மில்லிஆம்பியர். இப்படிச் செய்தால் மேல்மாடிக் கசிவுக்குக் கீழே பிரீசர் நிற்காது.

சிக்கல் இங்கேதான் வந்தது. மாடிப்படி லைற்றைப் போட்டவுடன் இரண்டு மாடி ட்ரிப் சுவிச்சும் விழுந்தன. கசிவு எதுவும் இல்லை. 500 வோல்ட் மெகரில் (காப்பை அளக்கும் கருவி) வயர்களின் காப்பு நன்றாகவே இருந்தது. பழைய வயரிங்கில் அந்த லைற்றின் பேஸ் கீழிருந்தும் நியூட்ரல் மேல்மாடியிலிருந்தும் எடுக்கப்பட்டிருந்தன. ஒரு ட்ரிப் சுவிச் வழியே போகும் மின்னோட்டம் அதே சுவிச் வழியே திரும்பாவிட்டால் அது விழத்தான் செய்யும். ஒரே மெயின் சுவிச் இருந்த காலத்தில் இந்தப் பிழை வெளியே தெரியாது. பலர் இந்த இடத்தில் ட்ரிப் சுவிச்சைக் கழற்றிவிட்டு நேரடியாகக் கொடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்ய விடாதீர்கள். கீழிருந்து ஒரு நியூட்ரல் வயர் இழுக்க அரை நாள்தான் பிடித்தது. (மெகர் வைக்கும்முன் எல்ஈடி லைற், கணினி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள், இல்லையேல் அவை போய்விடும்.)

எர்த் அடுத்த தலையிடி. ஆடி மாதம், செம்மண் காய்ந்து பாறையாக இருந்தது. முதல் எர்த் ரொட் 64 ஓம் காட்டியது. சுற்றித் தண்ணீர் ஊற்றி அளந்தால் எண் அழகாக இறங்கும், ஆனால் அது இரண்டு நாளுக்குத்தான். ரொட் நீளத்தின் இரு மடங்கு இடைவெளியில் இன்னும் இரண்டு அடித்து, செப்புக் கம்பியால் இணைத்தபின் 24 ஓம். காய்ந்த மண்ணில் இந்த அளவு கிடைத்தால் மாரியில் இன்னும் குறையும். ஐப்பசி இடிமின்னலை நினைத்து மின்னல் தடுப்பானையும் பொருத்தினோம். அது மெயின் ட்ரிப் சுவிச்சுக்கு முன்னால் இருக்க வேண்டும், இணைக்கும் வயர் அரை மீற்றருக்குள் அடங்க வேண்டும்.

மூன்று பேஸில் எல்லாவற்றையும் விட ஆபத்தானது தளர்ந்த நியூட்ரல். அது விட்டால் சுமை குறைந்த பேஸில் உள்ள கணினிகளுக்கு 230க்குப் பதில் 300 வோல்ட்டுக்கு மேலும் போகலாம்; மின்னோட்டம் கூடினால் விழும் எம்சிபி இதற்கு விழாது, பொருட்கள்தான் எரியும். அதனால் நியூட்ரலை முதலில் இணைத்து, கடைசியாகத்தான் கழற்ற வேண்டும். அலுமினியக் கம்பியும் செப்பும் சேரும் இடத்தில் இரு உலோக லக் போடுங்கள். மீற்றர் சீலுக்கு அப்பால் உள்ளது மின் விநியோக நிறுவனத்தின் வேலை, கை வைக்க வேண்டாம்.

கரண்ட் வந்தவுடன் மோட்டார் மறுபக்கம் சுற்றியது. இரண்டு பேஸை மாற்றியதும் சரி. டீபியின் (சுவிச்சுகள் இருக்கும் பகிர்வுப் பெட்டி) துளைகளை அடைத்தோம், பல்லி புகுந்தால் உள்ளே மின்சாரம் ஓடும் உலோகப் பட்டையில் (பஸ்பார்) ஷோர்ட் ஆகும். ஒரு வாரம் கழித்து மெயினை நிறுத்தி எல்லாத் திருகுகளையும் மறுபடி இறுக்கினோம். நியூட்ரல் திருகு முக்கால் சுற்று இறங்கியது. மோட்டார் நிற்கையில் கிளாம்ப் மீற்றரில் பேஸ்கள் 14, 12, 9. நியூட்ரலில் 5 ஆம்பியர்.