கீமோதெரபிக்குப் பின் வரும் வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும்

பெருங்குடல் புற்றுநோய்க்காக அக்கா முதல் சுற்று கீமோதெரபி எடுத்துக்கொண்ட ஆறாம் நாள் காலையில், பல் துலக்கும்போது வாய் எரிகிறது என்றாள். ஒன்பதாம் நாள் எச்சிலை விழுங்கவும் அவளால் முடியவில்லை. அதற்குள் வயிற்றுப்போக்கும் தொடங்கியிருந்தது. புற்றுநோயோடு ஒப்பிட்டால் வாய்ப்புண் ஒரு பொருட்டா என்று எண்ணி, அந்த மூன்று நாளும் நாங்கள் மருத்துவருக்குத் தொலைபேசியில்கூடச் சொல்லவில்லை. அந்தத் தாமதத்தை நினைத்து இன்றும் வருந்துகிறேன்.

வாயும் வயிறும் தனித்தனியே கெட்டுவிட்டதாகத்தான் அப்போது நினைத்தோம். உண்மையில், உதட்டின் உட்புறம் தொடங்கி ஆசனவாய் வரை உணவுப்பாதை முழுவதையும் மூடியிருக்கும் சளிச்சவ்வு ஓயாமல் தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருப்பது. சிறுகுடலின் மேல்படலம் நான்கைந்து நாள்களிலேயே புதிதாகிவிடுகிறது. வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்கும் மருந்துக்குப் புற்றுச்செல் எது, சவ்வின் செல் எது என்று வேறுபாடு தெரியாது. மருந்து ஏறிய அன்றே சவ்வின் அடியில் சேதமும் அழற்சியும் தொடங்கிவிடுகின்றன. புண்ணாக அது கண்ணுக்குத் தெரிவதற்குச் சில நாள்கள் ஆகின்றன. ஆகவே தடுப்பு என்பது மருந்து ஏறும் நாளிலும் அதற்கு முன்பும் செய்ய வேண்டிய வேலை.

இதை நான் முழுமையாக உணர்ந்தது பனிக்கட்டியின் வழியாகத்தான். அக்காவுக்குக் கொடுக்கப்பட்ட 5-ஃப்ளூரோயூராசில் என்னும் கீமோ மருந்தைச் சிரையில் ஒரே மூச்சில் செலுத்தும்போது, அதன் பெரும்பகுதி சிறிது நேரத்திலேயே இரத்தத்திலிருந்து நீங்கிவிடுகிறது. ஊசி போடுவதற்குச் சுமார் ஐந்து நிமிடம் முன்னதாகத் தொடங்கி அரைமணி நேரம் பனிக்கட்டித் துண்டுகளை வாயில் அடக்கிக்கொண்டிருந்தால், வாயின் இரத்தக்குழாய்கள் சுருங்கி, மருந்து அங்கே குறைவாகவே சென்று சேர்கிறது. இவ்வளவு எளிய வழியைப் பன்னாட்டு வழிகாட்டுதல்களும் பரிந்துரைக்கின்றன. ஸ்டெம் செல் மாற்றத்துக்கு முன் தரப்படும் உயர் அளவு மெல்ஃபாலன் என்னும் கீமோ மருந்துக்கும் இது பொருந்தும். நாள்கணக்கில் சொட்டுச் சொட்டாக ஏறும் மருந்துக்கு இது உதவாது. ஆக்ஸாலிபிளாட்டின் என்னும் மற்றொரு கீமோ மருந்தையும் சேர்த்துப் பெறுபவர்களுக்குக் குளிர்ச்சி தொண்டையிலும் நரம்புகளிலும் துன்பம் தரக்கூடும் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் பனிக்கட்டியைத் தொடவே கூடாது.

தினசரிப் பராமரிப்பு அலங்காரமற்றது, ஆனால் விடாமல் செய்ய வேண்டியது. சிகிச்சை தொடங்குமுன் பல் மருத்துவரைப் பார்த்துச் சொத்தைப் பல், கூரான பல் விளிம்பு, ஈறு நோய் ஆகியவற்றைச் சரிசெய்துகொள்ள வேண்டும். மென்மையான பிரஷ்ஷால் துலக்கி, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் கரைத்து நாள் முழுவதும் அடிக்கடி கொப்பளித்துத் துப்பலாம். இது புண்ணைத் தடுத்துவிடும் என்று சொல்ல மாட்டேன். வாயைச் சுத்தமாகவும் ஈரமாகவும் வைத்திருக்கும், அவ்வளவே. ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் எரிச்சலைக் கூட்டும்.

தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு பெறுபவர்களின் துன்பம் இதைவிட நீண்டது. பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில் வாய் சிவந்து, மூன்றாம் வாரத்தில் புண்ணாகி, சிகிச்சை முடிந்த பின்னும் சில வாரங்கள் நீடிக்கிறது. அவர்களில் தகுந்தவர்களுக்குப் அழற்சியைத் தணிக்கும் பென்சிடமின் மருந்தால் கொப்பளிப்பதும், குறைந்த ஆற்றல் லேசர் சிகிச்சையும் தடுப்பாகப் பயன்படுகின்றன.

வந்துவிட்ட புண்ணை ஆற்றிவிடும் மந்திர மருந்து எதுவும் இல்லை. வலியைக் குறைத்து, நீரும் ஊட்டமும் உள்ளே போக வழிசெய்து, தொற்று சேராமல் காப்பதே சிகிச்சை. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல் இதை எளிதாகப் பிரிக்கிறது: புண் இருந்தும் திட உணவு உண்ண முடிந்தால் இரண்டாம் நிலை, நீராகாரம் மட்டும் இறங்கினால் மூன்றாம் நிலை, எதுவுமே இறங்காவிட்டால் நான்காம் நிலை. அக்கா மூன்றில் இருந்தாள். மரப்புத் தரும் லிடோகெயின் போதாதபோது மார்ஃபின் வகை மருந்து கொடுத்தார்கள். அந்தப் பெயரைக் கேட்டு அவள் தயங்கினாள். ஆனால் வலியைப் பொறுத்துக்கொண்டே போனால் உணவு நின்று, எடை குறைந்து, அடுத்த சுற்றே தள்ளிப்போகும்.

வயிற்றுப்போக்குக்கு வழக்கமாக முதலில் தருவது லோபரமைடு. அதற்கு அடங்காவிட்டால் ஆக்ட்ரியோடைடு ஊசி. இருந்தும் மருத்துவரிடம் சொல்லாமல் லோபரமைடை விழுங்குவதை நான் ஏற்க மாட்டேன். குடலில் தொற்று இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். உடலின் நோயெதிர்ப்பைத் தூண்டிப் புற்றைத் தாக்கும் மருந்து (இம்யூனோதெரபி) பெறுபவர்களுக்கு வரும் குடல் அழற்சியோ முற்றிலும் வேறு. அதற்குப் பெரும்பாலும் ஸ்டீராய்டு தேவைப்படும். வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் அதே நாள்களில்தான் சவ்வும் கிழிந்திருக்கிறது என்பதால், 38 டிகிரி செல்சியஸைத் தொடும் காய்ச்சல், இரத்தம் கலந்த மலம், கடும் வயிற்றுவலி ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

முதல் சுற்றிலேயே இரண்டும் கடுமையாக வந்ததால், 5-ஃப்ளூரோயூராசிலைச் சிதைக்கும் டிபிடி என்னும் நொதி அக்காவுக்குக் குறைவாக உள்ளதா என்று மருத்துவர் சோதித்தார். குறை ஏதும் இல்லை. அது கடுமையாகக் குறைந்தவர்களுக்கு இம்மருந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்று அவர் விளக்கியபோது, இந்தச் சோதனையை முதல் ஊசிக்கு முன்பே கேட்டிருக்க வேண்டுமே என்று நெஞ்சு பதறியது.

இரண்டாம் சுற்றில் மருந்தின் அளவைச் சிறிது குறைத்தார்கள், பனிக்கட்டியும் வைத்துக்கொண்டோம். எதனால் எவ்வளவு பலன் என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. எட்டாம் நாள் கீழுதட்டின் உள்ளே இரண்டு சிறு புண்கள் வந்தன. எத்தனை முறை மலம் போனது, உணவு எந்த அளவுக்கு இறங்கியது என்று நாள்தோறும் குறித்துவந்த ஏட்டைப் பார்த்து, அன்று காலையே நானே செவிலியருக்குத் தொலைபேசியில் சொன்னேன். மதியம் அக்கா மெதுவாக, ஆனால் முழுமையாகச் சாப்பிட்டாள்.