சோலார் வேலைக்கு முதலில் பழக வேண்டியது

சோலார் துறையில் சேர என்ன படிக்கலாம் என்று யார் கேட்டாலும், நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம் போகும் கேபிளின் முனையில் ஒரு கனெக்டரைச் சரியாக கிரிம்ப் செய்ய, அதாவது கருவியால் நசுக்கி இறுக்கிப் பொருத்த வருமா? நிறையப் பேருக்கு வராது, கையில் சான்றிதழ் இருந்தாலும்.

சின்ன வேலைதானே என்று தோன்றும். ஆனால் பெரிய சோலார் நிலையங்களில் ஒரு ஸ்ட்ரிங், அதாவது ஒன்றோடொன்று தொடராக இணைத்த பேனல் வரிசை, 1500 வோல்ட் வரை போகும், அதுவும் டிசி. திசை மாறி மாறி ஓடும் ஏசி மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் வினாடிக்கு 100 முறை பூஜ்ஜியத்தைத் தொட்டுவிட்டு வருவதால் தீப்பொறி கிளம்பினாலும் அணைய வாய்ப்பு உண்டு, டிசி-யில் அந்த இடைவெளியே கிடையாது, பிடித்தால் எரிந்துகொண்டே இருக்கும். டிசி-யை ஏசி-யாக மாற்றும் இன்வெர்ட்டரை நிறுத்தினாலும் வெயில் இருக்கும்வரை பேனல் முனைகளில் மின்னழுத்தம் இருக்கத்தான் செய்யும். வருஷக்கணக்காக ஏசி வயரிங் செய்து பழகிய நல்ல எலக்ட்ரீஷியன்கூட இங்கேதான் தடுமாறுகிறார்.

ஒரு முறை சூட்டைப் படமாகக் காட்டும் தெர்மல் கேமராவோடு பேனல் வரிசைகளைப் பார்த்துக்கொண்டு போனபோது ஒரு கனெக்டர் மட்டும் திரையில் வெள்ளையாக, அதாவது அதிகச் சூடாகத் தெரிந்தது. கழற்றிப் பார்த்தால் இரண்டு பாதியும் வேறு வேறு கம்பெனி. "டிக்குனு சத்தம் வந்துச்சே சார்" என்றார் மாட்டியவர். சத்தம் வந்திருக்கும்தான், ஆனால் உள்ளே உலோகம் சரியாகப் பொருந்தாவிட்டால் மின்தடை கூடி நாளாக நாளாகச் சூடேறும். அவரை நான் குறை சொல்ல மாட்டேன், இதை அவருக்கு யாரும் சொல்லியே கொடுக்கவில்லை.

ஐரீனா என்ற சர்வதேசப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் அமைப்பின் கணக்குப்படி 2023-இல் உலகம் முழுக்கப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் துறையில் சுமார் 1.62 கோடி வேலைகள், அதில் சோலார் மட்டும் 70 லட்சத்துக்கு மேல். ஒரு சோலார் நிலையத்தில் கிடைக்கும் வேலைகளில் பெரும்பங்கு கட்டுமானமும் பொருத்தும் வேலையும்தான், திட்டம் முடிந்ததும் ஆட்கள் கலைந்துவிடுவார்கள். அப்புறம் 25 வருஷம் நிலையத்தைப் பார்த்துக்கொள்ளும் சிலருக்குத்தான் நிலையான வேலை. பழுதைத் தேடிக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர் அந்தச் சிலரில் ஒருவராக இருப்பார்.

காற்றாலைப் பக்கம் பயிற்சியைக் கொஞ்சம் ஒழுங்காகவே செய்கிறார்கள். உயரத்தில் வேலை செய்வது, தீ, முதலுதவி என்று ஜிடபிள்யூஓ என்ற உலகக் காற்றாலைத் துறை அமைப்பின் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சி இருக்கிறது, இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பித்தாக வேண்டும். சோலார் வேலைக்கும் அப்படி ஒரு கட்டாயம் வர வேண்டும் என்பது என் ஆசை.

அதுவரை, எந்தப் பயிற்சிக்கும் பணம் கட்டும் முன் இதைக் கேளுங்கள்: ஆளுக்கு எத்தனை கனெக்டர் கிரிம்ப் செய்யக் கொடுப்பீர்கள், செய்து முடித்ததை இழுத்துச் சோதிப்பீர்களா?